பெத்தாங்குக்குக் கூடிய கூட்டம்

தட்டியில் பெண்டாட்டியின் முகம் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று அச்சகத்துக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் மிந்தோ. தன் முகம் இடது பக்கம் பெரியதாக, பல் தெரிய. அவள் முகம் வலது பக்க ஓரத்தில், ஒரு சாஸர் அளவு. கீழே, 'மிந்தோவின் மனைவி பெர்பெத்துவாவுக்கு வாக்களியுங்கள்'. நிற்பது என்னவோ அவள்தான். ஆனால் அதை ஊர் ரொம்ப நம்பிவிடக் கூடாது, பாருங்கள்.

சான் விதாலுக்கு ஒன்பது வருஷம் மேயராக இருந்தவர் எர்மெலிந்தோ சால்வலியோன். ஊருக்கு மிந்தோ. தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் என்ன, பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாளே. மூன்று வருஷம் அவள் உட்காருவாள், நான்காவது வருஷம் எழுந்துகொள்வாள், இவர் திரும்ப வந்து உட்காருவார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். இந்தத் தீவுகளில் பாதி ஊரில் இப்படித்தான் நடக்கிறது, யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை.

அந்த நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை மூடியாகிவிட்டது. கப்பல் இப்போது சான் விதாலில் நிற்பதில்லை, தூரத்தில் விளக்கைக் காட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. ஐஸ் ஆலை கெட்டுக் கிடப்பதால் பிடித்து வருகிற மீனில் பாதி மத்தியானத்துக்குள் நாறிவிடுகிறது. வாலிபப் பிள்ளைகள் மணிலாவுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். ஊரில் ஒழுங்காக ஓடுகிற ஒரே தொழில் கிரிசாந்தோ துமலாவோனுடைய சவப்பெட்டிக் கடை. அந்தத் துமலாவோன்தான் எதிர்த்து நிற்கிறவர். சாவு வீட்டுக்கெல்லாம் பந்தலும் நாற்காலியும் இலவசம் என்று அறிவித்திருந்தார். ஊரில் யாராவது செத்தால் அவருக்குப் பெட்டியும் விற்கும், ஓட்டும் சேரும்.

இவ்வளவு இருந்தும் மிந்தோவுக்கு அந்த நாற்காலி வேண்டும். தெருவில் இறங்கினால் 'மேயர், மேயர்' என்று நாலு குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பலவீனம் என்று சொல்லுங்கள், வியாதி என்று சொல்லுங்கள். அந்த மனுஷனுக்கு உயிர் அதில்தான் இருந்தது.

பெத்தாங் என்று ஊர் கூப்பிடும் பெர்பெத்துவா, கல்யாணத்துக்கு முன்னால் சந்தையில் தன் அம்மாவோடு உட்கார்ந்து மீன் விற்றவள். மேயர் பெண்டாட்டி மீன் கடைப் பக்கம் நின்று பேசுவது கௌரவக் குறைச்சல் என்று மிந்தோ அவளை ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் விடவில்லை. அவளும் சண்டை போடவில்லை. திருவிழாவில் பக்கத்தில் நின்றாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். துண்டு பேசாது என்றுதான் மிந்தோ நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் கூட்டத்தில் பேசவும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததைத் தலை நிமிராமல் படித்தாள். 'என் கணவரின் பாதையில் நடப்பேன்' என்கிற இடத்தில் நாற்காலிகள் கொட்டாவி விட்டன. மிந்தோவுக்கு உள்ளூரத் திருப்தி. வீட்டுக்கு வந்து, "பரவாயில்ல, போகப் போகப் பழகிடும்" என்று பெரிய மனசோடு சொன்னார்.

இரண்டாவது கூட்டம் சந்தைக்குள் வைத்தார்கள். மீன் தண்ணீர் ஓடுகிற தரையில் ஒரு பலகையைப் போட்டு மேடை. பெத்தாங் காகிதத்தைப் பிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவளோடு கூடவே தராசு பிடித்தவர்கள். அவர்களைப் பார்த்தாள், காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒம்பது வருஷமா ஐஸ் ஆலைய சரி பண்ணித் தரேன்னு எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்காரு. அதே ஒம்பது வருஷமா, சமையலறைக்குக் குழாய் போட்டுத் தரேன்னு என்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு. நான் இன்னைக்கும் வாளியிலதான் தூக்குறேன்."

ஒரு கணம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. இறால் விற்கிற கிழவி ஒருத்தி முதலில் கெக்கலித்தாள். அப்புறம் சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது.

"அதனால மொதல்ல ஐஸ் ஆலை. குழாய் அப்புறம் பாத்துக்கலாம். எனக்குத் தூக்கிப் பழக்கம்தான்."

மிந்தோவும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியுமா, எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் தாடை வலித்தது. இறங்கி வரும்போது பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், விடவே இல்லை. மீன் கையோடு அவள் கன்னத்தைத் தொட்டார்கள். அவருக்காக நீண்டது ஒரே ஒரு கைதான். அதுவும் அவரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அவள் பக்கம் போவதற்கு.

வண்டியில் ஏறியதும், "என்னை ஊர் முன்னாடி கோமாளியாக்கிட்ட" என்றார்.

"சிரிச்சாங்கல்ல. சிரிக்கிறவன் ஓட்டுப் போடுவான், மிந்தோ."

"யாருக்கு?"

"நமக்குத்தான். வேற யாருக்கு?"

அந்த 'நமக்கு' அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த அம்போய் வேறு, "அக்கா, அந்தக் குழாய் கதையை அடுத்த கூட்டத்துலயும் சொல்லுங்க" என்றான். அம்போய்க்கு ஐம்பது வயசு இருக்கும். மிந்தோவின் முதல் தேர்தலிலிருந்து அவருடைய வண்டியை ஓட்டுகிறவன். இதுவரை மிந்தோவின் எந்தப் பேச்சையும் இன்னொரு தடவை கேட்கிறேன் என்று அவன் சொன்னதில்லை.

*

அதற்கப்புறம் மனுஷனுக்கு எதைத் தொட்டாலும் எரிந்தது. காலையில் வாசல் கதவைத் தட்டுகிறவர்கள் அவரைப் பார்த்து, "வணக்கம் மேயர். அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மருந்துச் சீட்டோடு வந்தவன், பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று வந்தவன், எல்லாரும் இவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "என்கிட்ட சொல்லு" என்றால், "இல்ல, அக்காகிட்டயே சொல்லிக்கிறேன், அவங்க எழுதி வெச்சுக்குவாங்க" என்று திண்டாடினார்கள். ஒன்பது வருஷமாக அவரைப் பார்க்க வரிசையில் நின்ற அதே மூஞ்சிகள்தான்.

ஒருநாள் சந்தைப் பக்கம் தனியாக நடந்து போனார். ஒரு நாலு 'மேயர்' கேட்டு வரலாம் என்றுதான். கருவாட்டுக் கடைக்காரி ஒருத்தி வெயிலுக்கு அவர்களுடைய தேர்தல் தட்டியையே கூரையாகக் கட்டியிருந்தாள். நல்ல விஷயம்தான் என்று கிட்டப் போய்ப் பார்த்தார். பெத்தாங்கின் முகம் தெருவைப் பார்த்து இருந்தது. அவருடைய முகம் இருந்த பாதியை உள்பக்கமாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

"இது ஏன் இப்படி மடிச்சிருக்க?"

"நீளம் ஜாஸ்தியாப் போச்சு மேயர். எதையாவது மடிக்கணும்ல."

"அந்தப் பக்கத்த மடிச்சிருக்கலாமே."

அவள் கருவாட்டைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அக்கா கோச்சுக்குவாங்க" என்றாள். சொன்னது தப்பு என்று உடனே தெரிந்து அவர் கையில் ஒரு பொட்டலம் கருவாடு திணித்தாள். அதை வாங்கிக்கொண்டு வீடு வரை நடந்து வந்தார். வழியில் எத்தனை பேர் மேயர் என்று கூப்பிட்டார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை.

வேட்பாளர் என்றால் சாவு வீட்டுக்குப் போயாக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்கு ஓட்டுப் போட மாட்டார்கள். அந்த வாரம் துறைமுகத்து வார்டில் ஒரு படகுக்காரர் இறந்து போயிருந்தார். பந்தல், நாற்காலி, பெட்டி எல்லாம் துமலாவோனுடையது. பந்தலின் நெற்றியில் துமலாவோன் பெயர். மிந்தோ தன் பெயர் எழுதிய மலர் வளையத்தைப் பெட்டிக்கு நேர் எதிரே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். விதவையின் தோளைத் தட்டினார். இறந்தவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை. கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். ஒன்பது வருஷமும் அப்படித்தான் முடித்தார்.

பெத்தாங்கைக் காணோம். தேடினால் கொல்லைப்புறத்தில் பெண்களோடு குந்திக்கொண்டு, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் போடுகிற சேமியாவுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அந்த விதவை. இவர் தோளைத் தட்டியபோது மரம் மாதிரி நின்றவள், இப்போது பெத்தாங்கின் மடியில் தலையை வைத்து ஏங்கி ஏங்கி அழுதாள். பெத்தாங் ஒரு கையால் அவள் முதுகைத் தடவினாள். இன்னொரு கையில் பூண்டு.

கொல்லைக் கதவில் நின்று மிந்தோ இதைப் பார்த்தார். கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. 'எனக்கு முன்னாடி இவ அழவே இல்லையே' என்றுதான் தோன்றியது. செத்த வீட்டில் நின்றுகொண்டு மனுஷனுக்குத் தோன்றுகிற நினைப்பா இது? ஆனால் பொறாமை அப்படித்தான். அதற்குச் செத்த வீடு, கல்யாண வீடு என்ற வித்தியாசம் கிடையாது.

சாவு வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். போனவர் ஆவி பின்னாலேயே வந்துவிடும் என்று, வழியில் எங்காவது நின்று வேறு காற்று பட்டுவிட்டுத்தான் போவது. அம்போய் ஜீப்பை ரொட்டிக் கடையில் நிறுத்தினான். மிந்தோவும் பெத்தாங்கும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. பெத்தாங் விரலை மோந்து பார்த்து, "பூண்டு வாசனை ரெண்டு நாளைக்குப் போகாது" என்றாள்.

"நல்லா நடிக்கக் கத்துக்கிட்ட" என்றார் மிந்தோ.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னது?"

"மடியில போட்டு அழ வைக்கிறது. நான் வளையத்தோட அங்க நிக்கிறேன், நீ கொல்லையில கூட்டம் சேக்குற."

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அவ புருஷன் படகுலேருந்துதான் எங்கம்மா மீன் எடுப்பா. நடிப்பா அது?"

"பெத்தாங், ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. நீ என் எடத்துல நிக்கிற. மூணு வருஷம். அவ்வளவுதான்."

"நீ சொல்லித்தான நின்னேன். வேண்டாம், வேண்டாம்னு ஒரு மாசம் அழுதேன், மறந்துட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "இப்ப நின்னுட்டேன். ஜனங்க வந்து கையப் புடிக்கிறாங்க. உதறிட்டு வரவா?"

கல்லாவில் இருந்த பெண் ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, சூடா இருக்கு, வெச்சுக்குங்க" என்று பெத்தாங்கிடம் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அவர் ஒன்பது வருஷமாகக் காபி குடித்த கடை அது. ஒரு நாளும் அவரிடம் அவள் காசு வாங்காமல் விட்டதில்லை.

*

கடைசிப் பொதுக்கூட்டம் தேவாலயத்துக்கு முன்னால் உள்ள கூடைப்பந்து மைதானத்தில் சாயங்காலம் நடந்தது. சான் விதாலில் அத்தனை ஜனம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடையில் மிந்தோவுக்கு நடு நாற்காலி. முன் வரிசையில் சந்தைப் பெண்கள். பெத்தாங் பேசி முடிக்கிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு படகுக்காரன் கத்திக் கேட்டான்.

"அக்கா, மூணு வருஷம் கழிச்சு நீங்க போயிடுவீங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?"

மைதானம் அடங்கியது. மிந்தோ நாற்காலி நுனிக்கு வந்தார். பதில் ஏற்கெனவே பேசி முடித்ததுதான். 'என் கணவர் திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொள்வேன்' என்று அவள் சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை வீட்டில் சொல்லிக் கொடுத்தது.

பெத்தாங் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் மைக்கைப் பிடித்து, "மொதல்ல ஐஸ் ஆலைய ஓட்டுவோம். நான் இருக்கணுமா, போகணுமான்னு அப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.

எழுந்த சத்தத்தில் தேவாலயத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. மிந்தோவும் கை தட்டினார். கை தட்டியது, அவ்வளவுதான். உள்ளே ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது அவருக்கே தெரிந்தது. 'நீங்க சொல்லுங்க'. அவர் சொல்ல வேண்டியதை ஊரைச் சொல்லச் சொல்லிவிட்டாள். துண்டு போட்ட இடத்தில் துண்டே உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு வீட்டில் அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

தேர்தல் நாள் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறையில் அவருடைய வாக்குச்சாவடி. குழந்தைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முட்டியை மடித்து உட்கார்ந்து சீட்டை விரித்தார். இந்தச் சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு வட்டத்தை மையால் நிரப்ப வேண்டும். மேயர் என்ற தலைப்பின் கீழ் இரண்டே பெயர். துமலாவோன். அடுத்தது சால்வலியோன்.

தன் குடும்பப் பெயரைக் கண்டதும் கை பழக்கத்தில் தானாக அங்கே போனது. மூன்று தேர்தலில் அதே பெயருக்குப் பக்கத்தில் அதே வட்டத்தை நிரப்பிய கை. பேனா முனை காகிதத்தில் படுவதற்கு முன்னால் மீதிப் பெயரைப் படித்தார். பெர்பெத்துவா.

கை நின்றது. யாரோ பின்னால் இருமினார்கள். மிந்தோ அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துமலாவோனுக்குப் போடுகிற எண்ணம் சத்தியமாக இல்லை. அந்தச் சவப்பெட்டிக்காரனுக்கா? சே. ஆனால் இதையும் நிரப்ப மனசு வரவில்லை. ஊரே அவளுக்குத்தான் போடப் போகிறது. ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்தில் ஜெயிப்பாள் என்று சந்தையே சொல்கிறது. சந்தை, துறைமுகம், ரொட்டிக் கடை, தன் வண்டி ஓட்டுகிறவன், எல்லாம் அவளுக்கு. ஒன்றே ஒன்று, ஒரே ஒரு ஓட்டு, அவளுக்குக் கிடைக்காமல் என்னிடம் இருக்கட்டுமே என்று நினைத்தார். வெளியே சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் காறித் துப்பும். அதனால்தான் உள்ளேயே நினைத்துக்கொண்டார்.

மற்ற பதவிகளுக்கெல்லாம் ஒழுங்காக வட்டத்தை நிரப்பினார். மேயருக்கு மட்டும் ஒன்றும் போடாமல் சீட்டை இயந்திரத்துக்குள் விட்டார். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பெத்தாங் மரத்தடியில் நின்றிருந்தாள். "போட்டாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார்.

*

ஆயிரமும் வரவில்லை, இரண்டாயிரமும் வரவில்லை. இலவசப் பந்தலுக்கு அவ்வளவு மவுசு இருக்கும் என்று யார் கண்டார்கள்? மறுநாள் காலை எல்லாச் சாவடியும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெத்தாங்குக்கும் துமலாவோனுக்கும் ஒரே எண்ணிக்கை. திரும்பக் கூட்டினார்கள். அதே எண்ணிக்கை. சட்டப்படி சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்று தேர்தல் அதிகாரி அறிவித்தாள்.

மிந்தோ அப்போது நகர மன்றத்து வராந்தாவில் நின்றிருந்தார். அறிவிப்பு காதில் விழுந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து விசிறினார்கள்.

ஒரு ஓட்டு. ஒரே ஓட்டு இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். யார் அந்த ஒருத்தன்? மத்தியானத்துக்குள் ஊரில் வேறு பேச்சே இல்லை. வயிற்றுப்போக்கு என்று சாவடிக்கு வராமல் படுத்திருந்த பெத்தாங்கின் சித்தப்பாவை முதலில் பிடித்தார்கள். கிழவர் துமலாவோன் ஆள், அவர் வராததே நல்லது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். கடைசியில் அம்போய் அகப்பட்டான். காலையிலிருந்து தூரத்து வார்டுகளிலிருந்து கிழவர் கிழவிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிக்கொண்டே இருந்தவன், கடைசி நடையில் டயர் வெடித்து, தன் சாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் விரலில் மை இல்லை.

மிந்தோ வீட்டு முற்றத்தில் வைத்து ஆளாளுக்கு அவனைக் கிழித்தார்கள். 'சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம்', 'துமலாவோன் எவ்வளவு குடுத்தான்' என்று என்னென்னவோ பேச்சு. அம்போய் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, மேயர் ஒரு வார்த்தை சொல்வார் என்று மிந்தோவின் முகத்தையே பார்த்தான்.

மிந்தோ சொன்னார். "உன் ஓட்ட காலையிலயே போட்டுட்டு வண்டிய எடுத்திருக்கணும், அம்போய். இது கூடவா சொல்லித் தரணும்?"

அவன் குலுங்கி அழுதுவிட்டான். அத்தனை பெரிய ஆள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. பெத்தாங் வந்து எல்லாரையும் விலக்கினாள். "அவன் கூட்டிட்டு வந்த ஓட்டு மட்டும் எத்தனைன்னு யாருக்காவது தெரியுமா? போங்க, போய் வேலையப் பாருங்க" என்றாள். மிந்தோவால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

*

சீட்டுக் குலுக்கல் அதற்கு மறுநாள் மத்தியானம், நகர மன்றத்தில். மண்டபம் கொள்ளவில்லை, ஜன்னலெல்லாம் தலை. அதிகாரி இரண்டு காகிதத்தை எல்லாருக்கும் காட்டினாள். ஒன்றில் முத்திரை, ஒன்று வெறும் தாள். இரண்டையும் ஒரே மாதிரி சுருட்டி, பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டுக் குலுக்கினாள். முத்திரை எடுக்கிறவர் மேயர். முதலில் பெத்தாங் பக்கம் எடுக்க வேண்டும் என்று காசு சுண்டி முடிவானது.

பெத்தாங் எழுந்தாள். இரண்டடி வைத்தவள் நின்று திரும்பி, "என் சார்பா அவர் எடுக்கட்டும்" என்றாள். மிந்தோ திடுக்கிட்டார்.

"நான் எதுக்கு? நீ எடு."

அவள் கிட்டே வந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "இந்த மூணு மாசமா உனக்கு மனசு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? நீ எடுத்துக் குடுத்து நான் உக்காந்தேன்னு இருக்கட்டும். ஊரும் அப்படித்தான் சொல்லட்டும். போ, மிந்தோ."

அவர் போனார். அதிகாரி டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கையை உள்ளே விட்டார். இரண்டு சுருளும் விரலில் தட்டுப்பட்டன. 'சாமி' என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஓடவில்லை. நல்ல சீட்டைக் கொடு என்று கேட்டால் போதும், வாய்விட்டுக்கூட வேண்டாம். கேட்க வரவில்லை. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்றை எடுத்தார்.

பிரித்தார். வெறும் தாள்.

சந்தைப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். துமலாவோன் ஆட்கள் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மிந்தோவின் மார்பிலிருந்து ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. மூன்று மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு. தோள் தானாக இறங்கியது, நெற்றிச் சுருக்கம் தானாகப் பிரிந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், மனுஷனுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

தலையைத் தூக்கினால் எதிரே பெத்தாங். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ.

துமலாவோன் வந்து பெத்தாங்கின் கையைக் குலுக்கினார். அப்புறம் மிந்தோவின் கையையும் பிடித்து, "உங்க கைக்குத்தான் நன்றி சொல்லணும், மிந்தோ" என்று சிரித்துவிட்டுப் போனார். மேயர் என்று சொல்லவில்லை. அதைக்கூட மிந்தோ கவனித்தார்.

பெத்தாங் கிட்டே வந்தாள். "பெருமூச்சு விட்ட" என்றாள்.

"அலுப்பு. ரெண்டு நாளா தூக்கமில்ல."

"நீ எனக்குப் போடலதான?"

இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். நாக்கில் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "பெத்தாங், அது வந்து…" என்றார். அதற்குள் அவள் தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அழுவாள் என்று நினைத்தார். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் அவரை விட்டுவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்போயின் தோளைத் தொட்டாள். எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"எந்திரி, அம்போய். நம்மள தோக்கடிச்ச ஓட்டு உன்னுது இல்ல."

"பின்ன யாருது, அக்கா?"

அவள் யாரையும் கை காட்டவில்லை. அவனைக் கையைப் பிடித்து எழுப்பி, கூடவே வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக, மேடையில் வெறும் தாளோடு நிற்கிற மிந்தோவைத் திரும்பிப் பார்த்தார்கள். இறால் கிழவி பார்த்தாள். கருவாட்டுக்காரி பார்த்தாள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, பெத்தாங் போன வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

மிந்தோ ஜன்னலுக்கு வந்தார். வெளியே தெருவில் பெத்தாங் சந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் படகுக்காரர்கள், மீன்காரிகள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், அழுகிறவர்கள், அழுகிறவர்களைத் தேற்றுகிறவர்கள். அவர் கண்ணுக்கு முடிவே தெரியாத கூட்டம். ஓடிப் போய் அவள் காலில் விழலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று தடவை ஜெயித்தேனே, ஒரு தடவைகூட எனக்குப் பின்னால் இத்தனை பேர் நடக்கவில்லையே, தோற்றவளுக்கு இவ்வளவு கூட்டமா?